துரை வீட்டு நத்தார் மரத்தில் ரப்பர் காய்

கொழும்புக் கம்பனியிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர் மேசைக்கு அடியில் இருந்தார். மேசை விரிப்புக்கு வெளியே அவருடைய ஒரு சப்பாத்து மட்டும் தெரிந்தது. நல்ல சப்பாத்து, அன்று காலையில்தான் மினுக்கியிருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சுவரோடு ஒட்டி நின்றார். அவருடைய மனைவி கிறிஸ்மஸ் கேக் வெட்டும் கத்தியைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். எங்கள் பள்ளிக்கூட அதிபர் கண்களை இறுக மூடியிருந்தார். அது பிரார்த்தனை நேரம் என்பதால் அதை மட்டும் குறை சொல்ல முடியாது.

பயப்படாமல் நின்றவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர்தான். அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

“நாலு,” என்றாள் தனுஷியா.

நத்தார் மரத்தில் இன்னொன்று வெடித்தது. ஏதோ ஒன்று அலுமாரிக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து உருண்டது.

“அஞ்சு.”

பங்களாவுக்குள் அன்று வெடித்தது என்ன, அதை அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்ட புத்திசாலி யார் என்று சொல்லத்தான் இந்த வாரம். புத்திசாலி யார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்தான். இந்தத் தொடரில் நான் மற்றவர்களையே கேலி செய்துகொண்டிருப்பதாகக் குருவிட்டையிலிருந்து ஒரு வாசகி குறைப்பட்டு எழுதியிருந்தார். இதை அவர் ஆறுதலாக உட்கார்ந்து படிக்கலாம்.

லொறிக்குப் போடாத பூட்டு

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தெரணியகலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். பஸ் இதற்கு மேல் முடியாது என்று திரும்பிக்கொள்ளும் இடத்தில் இறங்கி, மிச்சத்தை நடக்க வேண்டும். மேலே தேயிலை, கீழே ரப்பர், நடுவில் நாங்கள்.

கீழ் டிவிசனில் இருந்து பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ரப்பர் ஸ்டோர் வளவுக்குள் கீழ்ப்பக்கக் கேட்டால் நுழைந்து, மேல்பக்கக் கேட்டால் வெளியே வந்தால் பத்து நிமிடத்தில் வகுப்பில் இருக்கலாம். அவர்களுடைய அப்பா அம்மா படித்த காலத்திலும் அதுதான் வழி.

புதுத் துரை வந்து ஆறு மாதம் இருக்கும். ஸ்டோரில் இரண்டு மூட்டை ஒட்டுப்பால் காணாமல் போனது. ஒட்டுப்பால் என்பது பால் வெட்டிய பிறகு மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்து கிடக்கும் மிச்ச ரப்பர். அதன் நாற்றம் மூட்டைக்கு முன்னால் வந்து சேரும். அதை ஒரு பிள்ளை புத்தகப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோக முடியும் என்று நம்புவதற்கு மூக்கே இல்லாதவராக இருக்க வேண்டும். எடுத்தவர்கள் லொறியில் கொண்டு போனார்கள் என்பது தோட்டம் முழுவதும் தெரிந்த கதை. ஆனால் லொறிக்காரனோடு முட்டிக்கொள்வது கஷ்டம். ஆகவே பிள்ளைகள் வரும் கேட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். களவு நின்றதா என்றால், லொறி இன்னமும் வருகிறது.

அன்றிலிருந்து பன்னிரண்டு பேரும் மலையைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்து வந்தார்கள். வழியில் ஒரு ஆறு. இரண்டு பாக்கு மரங்களைக் குறுக்கே போட்ட ஏதண்டைதான் பாலம். மழைக் காலத்தில் அதில் பாசி பிடித்துவிடும். அட்டைகளைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை, அவற்றுக்காவது பிள்ளைகள் வருவதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் தனுஷியா ஒற்றைச் சப்பாத்தோடு வகுப்புக்கு வந்தாள். புத்தகப் பை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாலாம் வகுப்பு. கரும்பலகையில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, டீச்சருக்கு விளங்கியதா என்று பார்க்கிற பிள்ளை.

“என்னம்மா, மழையா?” என்று கேட்டேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இப்படிக் கேள்வி கேட்கத்தான் மூன்று வருடம் படித்தேன்.

“இல்ல டீச்சர். ஆறு.”

அடுத்த நாள் அவளுடைய அம்மா ராணி வந்தார். பால் வெட்டி முடித்து, பால் வாளியை ஸ்டோரில் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார். கையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.

“டீச்சர், ஜனவரிக்குள்ள அந்தக் கேட்டத் தொறக்கலைன்னா நான் இவள அனுப்ப மாட்டேங்க. படிக்காட்டிப் பரவாயில்ல. உசுரோட இருக்கட்டும்.”

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை, அவருக்கு மட்டும் எப்படி இருக்கும்.

அதிபர் துரைக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றும் ‘தங்களின் மேலான கவனத்திற்கு’ என்று தொடங்கின. துரையின் கவனம் மெய்யாகவே மிக மேலே இருந்தது. கடிதம் அவ்வளவு உயரம் எட்டவில்லை.

ஒருத்தருக்கு ஒன்னுதான்

நீயே போய் நேரில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நியாயம்தான். அதற்கு ஒரு பலூன் கதை சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்தில். வருடத்தில் ஒரு நாள் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகளை நத்தாருக்குப் பங்களாவுக்குக் கூப்பிடுவார்கள். முதல் நாளே தலைக்கு எண்ணெய் வைத்து, காதைத் திருகி, “அங்க போய் மூக்க நோண்டக்கூடாது, வாயத் தொறக்கக்கூடாது” என்று சொல்லி அனுப்புவார்கள். இரண்டு வரிசையாக நிற்போம். பங்களாச் சமையல்காரரை அப்பு என்போம். அவர் ஒவ்வொரு கையிலும் ஒரு டொபியும் ஒரு பலூனும் வைப்பார்.

எனக்குச் சிவப்பு பலூன் கிடைத்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பங்களாத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் ரோசாச் செடியின் முள்ளில் பட்டு வெடித்துவிட்டது. நான் திரும்பிப் போய் வாசலில் நின்றேன். துரையின் மனைவி குனிந்து ஏதோ கேட்டார். வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே, நான் திறக்கவில்லை. கிழிந்த ரப்பர் துண்டை மட்டும் நீட்டினேன்.

“ஒருத்தருக்கு ஒன்னுதான். போ,” என்றார் அப்பு.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் அடி வாங்கினேன், பங்களாவுக்குத் திரும்பிப் போனதற்காக. அதற்குப் பிறகு நான் படித்தேன், ஆசிரியை ஆனேன், கலியாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் பங்களா வாசலைக் கண்டால் என் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஸ்டோர் கேட்டுப் பூட்டுக்காவது சாவி இருந்தது.

வீட்டில் எப்போதும் கிடைக்கும் எளிய பொருட்கள்

மார்கழி பிறப்பதற்கு முன்பே பங்களாவிலிருந்து ஆள் வந்தது. நத்தாருக்கு முந்தின வாரம் ஒரு பின்னேரம் நாலு மணிக்குத் தேநீர் விருந்து. கம்பனியின் பெரியவர்கள் வருகிறார்கள். பிள்ளைகள் வந்து பாட வேண்டும். மரத்துக்கு அலங்காரங்களையும் பிள்ளைகளே தங்கள் கையால் செய்து கொண்டுவர வேண்டும். துரையின் மனைவி ஒரு நிபந்தனையும் சொல்லி அனுப்பியிருந்தார். பிளாஸ்டிக் கூடாது, எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டும்.

அதிபரின் முகம் மலர்ந்தது.

“டீச்சர், வாயால கேட்டா தொரை கோவிச்சுக்குவாரு. கையால குடுத்து மனசக் குளிர வைப்போம். அதுக்கப்புறம் கேட்டு தானா தொறக்கும்.”

இந்த முறைக்கு வருடம் முழுவதும் வேறு ஒரு பெயர் உண்டு. டிசம்பரில் மட்டும் அதை நத்தார் பரிசு என்று சொல்லலாம்.

பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே கிறிஸ்தவ ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருந்தார். அவருக்கு அடுத்தபடியாக நத்தாரில் பரிச்சயம் உள்ளவள் நான்தான் என்று அதிபர் முடிவு செய்தார். என் வாடகை வீடு மாதா கோவிலுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் தகுதி. அந்தக் கணக்குப்படி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர் ஊசி போடலாம்.

படித்தவர்கள் செய்கிறபடி நானும் போனில் வீடியோ பார்த்தேன். ஒரு பெண்மணி வெள்ளை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ‘உங்கள் வீட்டில் எப்போதும் கிடைக்கும் எளிய பொருட்கள்’ என்று சொல்லிக்கொண்டே எடுத்து வைத்தார். பைன் மரக் காய் ஒரு கூடை. மூன்று நிறத்தில் வெல்வெட் ரிப்பன். சூடாகக் கோந்து கக்கும் ஒரு துப்பாக்கி. பழைய பரிசுப் பெட்டிகள், அவர் வீட்டில் எறிய மனமில்லாமல் வைத்திருந்தவை.

வகுப்பில் போய், “யார் வீட்ல ரிப்பன் மிச்சம் இருக்கு?” என்று கேட்டேன். பதினெட்டுப் பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

சரி, பனியாவது செய்வோம் என்று ஒரு கிளையில் பஞ்சை ஒட்டிக் காட்டினேன். எங்கள் ஊரில் சட்டை காய நாலு நாள் ஆகும். முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை உற்றுப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது பூசணம் புடிச்சிருச்சா?” என்று கேட்டது. அந்தக் கிளையை வெளியே எறிந்தேன்.

“நாங்களே கொண்டாரோம் டீச்சர்,” என்றாள் தனுஷியா.

அடுத்த நாள் கொண்டுவந்தார்கள். பால்மா பைக்கற்றுகள், வெட்டித் திருப்பினால் உள்பக்கம் வெள்ளித் தகடு. தென்னை ஈர்க்கு ஒரு கட்டு. பால் பிடித்துப் பிடித்து உள்ளே கறுத்துப்போன பழைய சிரட்டைகள். யோகட் கப்பில் ரப்பர் பால், அதுதான் கோந்து. துப்பாக்கி தேவைப்படவில்லை.

ஈர்க்கை ஐந்தாக ஒடித்து நட்சத்திரமாக வளைத்தார்கள். அதன் மேல் வெள்ளித் தகட்டை இழுத்து, ஓரத்தில் பாலைத் தொட்டு ஒட்டினார்கள். சிரட்டையில் துளை போட்டு, உள்ளே ரப்பர் கொட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டால் மணி. ஆட்டினால் கடகடவென்று சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வரும். பால் காய்ந்ததும் விரல்களில் மெல்லிய தோலாகப் படியும். அதைக் கிழியாமல் முழுசாக யார் உரிக்கிறார்கள் என்று போட்டி வைத்தார்கள். நானும் உரித்தேன். வகுப்பு முழுவதும் புளித்த மோர் போல மணத்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ஒரு கிழமை நான் மனதாரச் சந்தோஷமாக இருந்தேன்.

சந்தோஷத்துக்கு ஒரு முடிவு வேண்டுமே, அதற்குத்தான் அதிபர் வந்தார். துரைக்குக் கொடுக்க ஒரு வாழ்த்து அட்டையை தனுஷியா வரைந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் திறந்த ஒரு கேட். அதற்குள் பன்னிரண்டு பிள்ளைகள். மேலே ஒரு நட்சத்திரம்.

அதிபர் அதைத் தூக்கிப் பார்த்தார். “இது கோரிக்கை மாதிரி இருக்கே டீச்சர். ஒரு ஆட்டுக்குட்டி போடச் சொல்லுங்க.”

தனுஷியா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசை இழுப்பறையைத் திறந்து அழிறப்பரை எடுத்து அவளிடம் கொடுத்தேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது. அவள் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழித்தாள். கேட்டுக்கு மேல் ஒரு கூரை போட்டு மாட்டுத் தொழுவமாக்கினாள். அதிபர் கேட்டபடி ஆட்டுக்குட்டியும் வந்தது.

ஈரச் சாக்கு

அட்டை போன துக்கத்தைக் காட்டிக்கொள்ளாமல் மறுநாள் அவள் ஒரு ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே பதினாறு ரப்பர் காய்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் காய் எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மூன்று புடைப்பு, ஒவ்வொன்றுக்குள்ளும் புள்ளி போட்ட ஒரு கொட்டை. மரத்தில் காய்ந்தால் டப்பென்று வெடித்து, கொட்டையை நாலு மரத்துக்கு அப்பால் எறியும். ஆவணி புரட்டாசியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினால் கீழ்க்காட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வருடம் மழை முறை தப்பிப் பெய்ததில் மார்கழியிலும் சில மரங்களில் காய் மிச்சம் இருந்தது. சுற்று வழியில் வரும்போது விழுந்து கிடந்ததைப் பொறுக்கி, வெடிக்காதபடி நனைத்த சாக்கில் சுற்றி வைத்திருக்கிறாள்.

கையில் எடுத்ததும் எனக்குள் இருந்த கலைஞர் விழித்துக்கொண்டார். இதற்கு வெள்ளி நிறம் அடித்தால் கடையில் விற்கும் உருண்டை தோற்றுப்போகும்.

கடைத்தெருவில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம் போனேன். அவர் தன் முச்சக்கரவண்டியின் ரிம்முக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“இது ஈக்கிது டீச்சர், கொண்டு போங்க. ஆத்தில எறக்கினாலும் போகாத பெயின்ட். ஆனா ஈரத்தில ஒட்டாது.”

ஈரத்தில் ஒட்டாதென்றால் காய வைக்க வேண்டியதுதானே. சத்துணவு சமைக்கும் அடுப்புக்கு மேலே தட்டில் பரப்பி வைத்தேன். தனுஷியா வாசலில் நின்று பார்த்தாள்.

“டீச்சர், காய வைக்காதீங்க. வெடிக்கும்.”

“காஞ்சதும் மூனு பூச்சு பெயின்ட் அடிக்கப் போறோம். அப்புறம் எப்படி வெடிக்கும்?”

“அது காய்க்குத் தெரியாதே டீச்சர்.”

எனக்குக் கோபம் வந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான்.

“அப்ப நூலாவது சுத்துவோமா? இறுக்கிச் சுத்துனா வெடிக்காதுங்க.”

“நூல் சுத்துனா அழகு கெட்டுப் போகும்,” என்றேன். அவள் அதற்குமேல் வாதாடவில்லை. பெரியவர்களோடு எவ்வளவு தூரம் பேசலாம் என்பது லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் தெரிந்துவிடும்.

இரண்டு நாள் காய்ந்து, மூன்று பூச்சு வாங்கி, பதினாறு காய்களும் பளபளவென்று மின்னின. ஒன்றுகூட வெடிக்கவில்லை. நான் தனுஷியாவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையை இப்போது திருப்பி வாங்கிக்கொள்ள முடிந்தால் நல்லது.

பலமு

பங்களாவில் எங்களுக்காக நின்ற மரம் கொழும்பில் வாங்கிய பிளாஸ்டிக் மரம். அலங்காரம்தான் இயற்கையாக இருக்க வேண்டும், மரம் இருக்க வேண்டியதில்லை. அதைச் சுற்றிப் பழைய காலத்துச் சூட்டு பல்புகள் கொடியாக ஓடின. வெளியே மழை அடித்ததால் ஜன்னல்களை எல்லாம் மூடியிருந்தார்கள். முப்பது பேர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த அறை, அடுப்புக்கு மேல் வைத்த தட்டு போலவே இருந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நட்சத்திரங்களையும் சிரட்டை மணிகளையும் கட்டினோம். வெள்ளிக் காய்களை நன்றாகத் தெரியட்டும் என்று நானே பல்புகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கட்டினேன். துரையின் மனைவி, “அனே, ஹரி லஸ்ஸனை,” என்று கன்னத்தில் கை வைத்தார். மிக அழகு என்று சொன்னதைக் கேட்டு அதிபர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். கேட் பாதி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

பிள்ளைகள் பாடினார்கள். பிறகு பிரார்த்தனை. எல்லோரும் தலை குனிந்தார்கள். அந்த அமைதியில் முதல் காய் வெடித்தது.

மூடிய அறைக்குள் அது காட்டில் கேட்கிற சத்தம் இல்லை. வெடிச் சத்தம் கேட்டால் முதலில் குனி, பிறகு விசாரி என்று இந்த நாட்டில் பிறந்த பெரியவர்கள் எல்லோருக்கும் பயிற்சி உண்டு. கம்பனிப் பெரியவர் மற்றவர்களைவிட வேகமாகக் குனிந்தார். இரண்டாவது கொட்டை பால் ஜக்கில் விழுந்தது. மூன்றாவது எங்கே போனது என்று தெரியவில்லை, துரை தன் காதைத் தடவிக்கொண்டார்.

ஐந்து வரைக்கும் எண்ணியதை முதலிலேயே சொன்னேன். ஐந்துக்குப் பிறகு தனுஷியா வரிசையிலிருந்து வெளியே வந்தாள்.

“இன்னும் பதினொன்னு இருக்கு டீச்சர். ஈரத்துணி வேணும்.”

யாரும் அசையவில்லை. அவள் திரும்பி, கத்தியோடு நின்ற துரையின் மனைவியிடம் நல்ல சிங்களத்தில் அதையே சொன்னாள். அவர் கத்தியை வைத்துவிட்டு ஓடிப்போய் ஒரு துவாயை நனைத்துக் கொண்டுவந்தார். தனுஷியா காய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் துவாயில் வைத்துச் சுற்றினாள். உச்சியில் இருந்த ஒன்று மட்டும் அவளுக்கு எட்டவில்லை.

பெரியவர் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். எதையோ தேடிப் போனவர் போலக் கையைத் தட்டிக்கொண்டு, தரையில் கிடந்த கொட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். அவளிடம் சிங்களத்தில் கேட்டார்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் மகள்?”

“தினமும் பொறுக்குறோம் சேர். சுத்து வழியில ஒரு மணி நேரம் நடக்கணும். நேரம் நெறைய இருக்கு.”

“ஏன் சுற்றி வருகிறீர்கள்?”

“ஸ்டோர் கேட்டப் பூட்டிட்டாங்க. ஆத்துல என் பையும் சப்பாத்தும் போயிருச்சு. ஜனவரியிலயும் தொறக்கலைன்னா அம்மா என்னைய அனுப்ப மாட்டாங்க.”

அவ்வளவுதான். அழவில்லை, கையெடுத்துக் கும்பிடவில்லை. கணக்குக்கு விடை சொல்கிற அதே குரல். மூன்று கடிதமும் பதினெட்டுப் பேரின் ஒரு கிழமை வேலையும் ஒரு ஆட்டுக்குட்டியும் சொல்லாததை அவள் மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தாள். சிவப்பு பலூன் துண்டோடு நின்ற அந்த வாசலில் எனக்குப் பதிலாக யாரோ பேசியது போல இருந்தது.

பெரியவர் துரையின் பக்கம் திரும்பி, “எந்தக் கேட்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

துரை பாதுகாப்பு, களவு, நடைமுறை என்று ஏதோ தொடங்கினார். அப்போது உச்சியில் இருந்த காய் வெடித்தது. துரை பாதியில் நிறுத்திக்கொண்டார். பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் துரை எங்கள் அதிபரைப் பார்த்து, “பலமு,” என்றார்.

சிங்களத்தில் அதற்குப் பார்ப்போம் என்று அர்த்தம். தோட்டத்தில் அதற்குப் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். அன்று எந்த மொழியில் சொன்னார் என்று தெரியாமலே நாங்கள் வீடு திரும்பினோம். கேக் யாருக்கும் கிடைக்கவில்லை.

ரொட்டிக்குக் கீழே

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை ஏழு பத்துக்கு தனுஷியா வகுப்பில் இருந்தாள். சப்பாத்தில் சேறு இல்லை.

கேட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதில் புதிதாக ஒரு பலகையும் தொங்கியது. மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். ரப்பர் காய், ரப்பர் கொட்டை கொண்டு செல்வது முற்றாகத் தடை. ரப்பர் தோட்டத்தின் நடுவில், ரப்பர் ஸ்டோரின் வாசலில் அந்தப் பலகை. வாச்சர் ஒவ்வொரு பிள்ளையின் பையையும் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறாராம். ஒட்டுப்பால் லொறிக்கு அந்த மரியாதை கிடையாது.

இன்னொன்றும் இருந்தது. கேட் காலையில் மட்டும்தான் திறக்கும். ஏழு முதல் ஏழரை வரை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குப் பின்னேரம் வீடு திரும்புகிற பழக்கமும் உண்டு என்று துரைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எங்கள் பக்கம் மழை கட்டிக்கொண்டு வருவதும் பின்னேரத்தில்தான்.

“அம்மா என்ன சொன்னாங்க?” என்று தனுஷியாவைக் கேட்டேன்.

“இந்தக் கெழம மட்டும் பாக்குறேன்னாங்க டீச்சர்.” பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ரொட்டியைத் தூக்கினாள். அதற்குக் கீழே கடதாசியில் சுற்றிய ஏதோ ஒன்று. “இது உங்களுக்கு. நத்தாருக்குக் குடுக்கல இல்ல.”

ஒரு ரப்பர் காய். வெள்ளி இல்லை, வெறும் காய். இடைவெளியில்லாமல் சிவப்பு நூலை வரிசை வரிசையாகச் சுற்றி, முடிவில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள். நூல் சுற்றினால் அழகு கெட்டுப் போகும் என்று சொன்ன நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த நத்தார் பரிசுகளில் இரண்டாவது அது. இரண்டும் சிவப்பு.

“நல்லா காஞ்சதுதான் டீச்சர். நூலு இருக்க வரைக்கும் வெடிக்காது.”

பத்து மணி இடைவேளையில் அதிபர் நாலாவது கடிதத்துக்குத் தாள் எடுத்தார். ‘தங்களின் மேலான’ வரைக்கும் வந்துவிட்டார்.

“வேணாம் சேர். நான் போய்க் கேட்டுட்டு வாறேன்,” என்றேன். என் குரல்தானா என்று அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

தோட்ட அலுவலகத்துக்குக் கால்மணி நேர நடை. போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். துரையின் அறைக் கதவில் நின்றபோது வழக்கம்போல வாய் பூட்டிக்கொண்டது. அவர் நிமிர்ந்து, “என்ன?” என்றார்.

“ஒருத்தருக்கு ஒன்னுதான்,” என்று அப்பு சொன்னது காதில் கேட்டது. காலையில் ஒரு தரம் திறந்தாயிற்று, போ.

“பின்னேரமும் திறக்கணும் சேர்,” என்றேன். சிங்களத்தில் சொன்னேனா தமிழில் சொன்னேனா என்று தெரியாது. ஆனால் சொன்னேன்.

துரை கதிரையில் சாய்ந்துகொண்டார். “பல...” என்று தொடங்கினார்.

நான் கைப்பையைத் திறந்து சிவப்பு நூல் சுற்றிய காயை எடுத்து அவருடைய மேசையில், மேசை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். முடிச்சை அவிழ்த்து நூலின் நுனியை விரலில் பிடித்துக்கொண்டேன்.

துரை காயைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். கதிரையை மெல்லப் பின்னால் தள்ளிக்கொண்டு, எப்போதிலிருந்து என்று கேட்டார்.

“இன்னைக்கு ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடுற மணி அடிக்கும் சேர்,” என்றேன்.